ரவை, சன்னம், கோது: துவக்கு ரவைகளுக்கான சொற்கள்

> நம் கலைச்சொல் பட்டியலில் "புல்லட்" என்பதற்கு நேரே தோட்டா, குண்டு, ரவை மூன்றும் நிற்கின்றன. ஒன்றை வைத்துவிட்டு மற்ற இரண்டையும் வெட்டலாமா?

வெட்ட வேண்டாம், ரீச்சர். முதலில் பொருளைப் பிரித்துப் பார்ப்போம். துவக்கில் (துப்பாக்கியில்) போடும் முழுச் சாமானில் நாலு உறுப்பு இருக்கிறது. வெளியே உலோகக் கூடு, அதன் அடியில் பொறி கிளப்பும் சிறு கிண்ணம், உள்ளே மருந்து, வாயில் இறுக்கிச் செருகிய முனை. குழலை விட்டுப் பறப்பது அந்த முனை மட்டும். ஏ.கே. 47 துவக்கில் போடும் 7.62×39 மி.மீ. ரவை ஒன்று ஏறத்தாழ 16 கிராம் நிறை. அதில் பறந்துபோவது 8 கிராம் அளவுதான்.

எங்கள் இலங்கைப் பக்கப் பேச்சில் இவற்றுக்குச் சொல் ஏற்கெனவே இருக்கிறது: முழுவதும் ரவை, பறப்பது சன்னம், கூடு கோது. தமிழ்நாட்டில் தோட்டா என்றால் சில இடத்தில் முழுவதையும், சில இடத்தில் பறப்பதையும் குறிக்கும். ஆகவே அதை ரவைக்கு மாற்றுச்சொல்லாகப் பக்கத்தில் போடலாம், சன்னத்துக்குப் போடக்கூடாது. குண்டு எறிகுண்டுக்கும் விமானக் குண்டுக்கும் போகட்டும். ரவை உப்புமா ரவையோடு குழம்பும் என்று ஒருவர் எழுதியிருந்தார். உப்புமாவில் சன்னம் தேடுவார் யாருமில்லை.

இந்தப் பிரிப்பு நீதிமன்ற மொழிபெயர்ப்பில் உடனே உதவும். தானியங்கித் துவக்கு கோதைச் சுட்டவர் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் வீசும். சுழல்துப்பாக்கியில் கோது உள்ளேயே தங்கிவிடும். கோதின் அடியில் ஊசி அடித்த பள்ளம் இருக்கும். சன்னத்தின் உடம்பில் குழலின் சுருள்வரி கீறிய தடம் இருக்கும். இரண்டும் வேறு வேறு சான்று. "சம்பவ இடத்தில் ரவைகள் மீட்கப்பட்டன" என்று எழுதினால் சுடாததா, சுட்ட கூடா, பட்டு நசிந்த ஈயமா என்று யாருக்கும் விளங்காது.

மருந்துக்கு "வெடிமருந்து" என்றிருக்கிறது. புகையில்லா மருந்து கோதுக்குள் வெடித்துச் சிதறுவதில்லை, மிக விரைவாக எரிந்து வாயுவாகிச் சன்னத்தைத் தள்ளுகிறது. உந்துமருந்து என்று வைப்போம். அடிக்கிண்ணத்துக்கு "வெடிப்பி" சரிவராது, அது டெற்றனேற்றருக்கு (குண்டை வெடிக்க வைக்கும் கருவிக்கு) போய்விட்ட சொல். பொறிக்கிண்ணம் என்றால் உருவமும் தெரியும், வேலையும் தெரியும்.

இன்னொரு சிக்கல் இருக்கிறது. பட்டியலில் "விளிம்பு ரவை" என ஒரே பதிவு. இரண்டு வேறு விடயங்கள் அதற்குள் மாட்டியிருக்கின்றன. .22 ரவையில் தனிக் கிண்ணமே கிடையாது. பொறிமருந்து அடிவிளிம்பின் மடிப்புக்குள் இருக்கும், ஊசி விளிம்பில்தான் அடிக்கும். பழைய .303 ரவைக்கும் வெளியே நீட்டிய விளிம்பு உண்டு, ஆனால் கிண்ணம் நடுவில் இருக்கிறது, ஊசி நடுவில் அடிக்கும். ஆகவே முன்னதை விளிம்படி ரவை என்றும், .303 போன்றதை விளிம்புள்ள நடுவடி ரவை என்றும் எழுத வேண்டும். விளிம்படிக் கோதில் மாற்றிப் போடக் கிண்ணம் இல்லாததால் அதைத் திரும்ப நிரப்புவதில்லை.

சன்ன வகைகளில் அடைமொழி பொருளோடு ஒட்ட வேண்டும். ஈய நடுவைச் செம்புக்கலவைத் தகடு சுற்றியிருப்பது முழுவுறைச் சன்னம். படைகள் பாவிப்பது பெரும்பாலும் இது. "உறை" என்ற சொல்லை இங்கே பூட்டிவிட்டால் கோதை இனி "தோட்டா உறை" என்று எழுத முடியாது, அது நல்லதே. முனையில் பள்ளம் உள்ளது குழிமுனைச் சன்னம். உடலில் பட்டவுடன் விரிந்து வேகத்தை அங்கேயே இழக்கும், மறுபுறம் துளைத்துப் பின்னால் நிற்பவரில் படும் வாய்ப்புக் குறைவு. பொலிசாரும் வேட்டைக்காரரும் அதைத் தேடுவது இதனால்தான். போரில் விரியும் சன்னத்தை 1899 ஹேக் பிரகடனம் தடுத்தது. கொல்கத்தாவுக்குப் பக்கத்து டம்டம் ஆயுதச்சாலையின் பெயரால் "டம்டம்" என்று பேசப்பட்டதும் இந்த இனமே.

ட்ரேசருக்கு ஒளித்தடச் சன்னம். அடியில் அடைத்த கலவை எரிந்து போகும் வழியைக் காட்டும். சுட்டவர் இலக்கைச் சரிபார்க்கலாம், ஆனால் எதிராளிக்கும் சுட்ட இடம் தெரிந்துவிடும். "பச்சைமுனை ரவை" என்று நிறத்தால் பெயரிட முன்மொழிந்ததை நான் எதிர்க்கிறேன். சோவியத் வகை 7.62×39இல் பச்சை முனை ஒளித்தடம். நேட்டோ 5.56இல் பச்சை முனை, உள்ளே உருக்கு நுனி உள்ள சாதாரணச் சன்னம். ஒரே நிறம், இரண்டு பொருள்.

வேட்டைத் துவக்கு ரவைக்கு மணிரவை எனலாம். பிளாஸ்ரிக் கோது, பித்தளை அடி, மருந்துக்கு மேலே அடைதிண்டு, அதற்கு மேலே ஈய மணிகள். பறவைக்குச் சிறுமணி, பன்றிக்குப் பெருமணி, ஒரே கட்டியாக இருந்தால் தனிச்சன்னம். வழக்கமான 70 மி.மீ. 12 போர் (bore, வேட்டைத் துவக்கின் குழல் அளவெண்) ரவையில் 8.4 மி.மீ. பெருமணி ஒன்பது இருக்கும். பட்டியலில் "போர்" எண்ணுக்கு விட்டம் என்று எழுதியது பிழை. ஒரு இறாத்தல் (பவுண்டு) ஈயத்தில் சமமாக எத்தனை உருண்டை வார்த்தால் ஒன்று குழலுக்குப் பொருந்துமோ, அந்த எண்ணிக்கைதான் போர். அதனால் எண் கூடக் குழல் சிறுக்கும்: 12 போர் 18.5 மி.மீ., 20 போர் 15.6 மி.மீ. 20 போர் ரவையைத் தவறி 12 போரில் போட்டால் அது வழுகிப் போய்க் குழலுக்குள் சிக்கும். பின்னால் 12 போர் ரவையை ஏற்றிச் சுட்டால் குழல் பிளக்கும். 20 போர்க் கோதை மஞ்சளில் செய்யும் வழக்கம் இதற்காகத்தான். எங்கள் சொல் "உருண்டையெண்" என்றிருந்தால் இந்தத் தலைகீழ்க் கணக்கு பெயரிலேயே தெரியும்.

———

> தம்பி, "வெற்று ரவை" என்பதை என்ன செய்வது? கண்ணிவெடி விழிப்புணர்வுத் துண்டுப்பிரசுரத்தில் "வெற்று ரவை ஆபத்தில்லை" என்று ஒரு வரி வருகிறது.

ரீச்சர், அந்த வரியை அச்சுக்குக் கொடுக்க வேண்டாம். "வெற்று" மூன்று பொருளில் புழங்குகிறது. சுட்டு முடிந்தது சுட்ட கோது. சன்னம் இல்லாமல் மருந்தும் கிண்ணமும் உள்ளது ஓசை ரவை. வாய் மடித்து மூடியிருக்கும், மரியாதை வேட்டுக்கும் பயிற்சிக்கும் பாவிப்பது, கிட்ட நின்று சுட்டால் வாயுவும் அடைப்பும் ஆளைக் காயப்படுத்தும். மருந்தும் உயிருள்ள கிண்ணமும் இல்லாதது பொய்ரவை, ஏற்றி இறக்கிப் பழக மட்டும்.

நாலாவது ஒன்றும் உண்டு, வளவு துப்புரவாக்கும்போதும் கிணறு இறைக்கும்போதும் அகப்படுவது அதுவாக இருக்கலாம்: கிண்ணத்தில் ஊசிப் பள்ளம் விழுந்திருக்கும், சன்னம் அப்படியே வாயில் நிற்கும். பள்ளத்தைப் பார்த்தவர் "சுட்டது" என்று நினைத்துவிடுவார். அது சுடாத் தவறு ரவை, மருந்து உள்ளேதான். உருக்குக் கோது உப்பு மண்ணில் துருவேறிச் செதிலாகும், பித்தளை பச்சை பூக்கும், இரண்டிலும் வெளித்தோற்றத்தை வைத்து உள்ளே செத்துவிட்டது என்று சொல்ல முடியாது. குப்பையோடு எரித்தாலோ கோது கிழிந்து தகட்டுத் துண்டு தெறிக்கும், கண் போக அது போதும். பிரசுரத்தில் இப்படி வைக்கலாம்: "ரவையோ கோதோ, தொடாதீர்கள். இடத்தை அடையாளமிட்டு 119க்கு அறிவியுங்கள்."

இதையொட்டி இன்னும் இரண்டு சொல். விசையை இழுத்தும் சத்தம் வராமல் சிறிது கழித்து வெடிப்பது பிந்துவெடி. அதனால்தான் சுடாவிட்டால் குழலைப் பாதுகாப்பான திசையிலேயே வைத்துக் குறைந்தது 30 விநாடி காத்திருந்து பிறகு திறப்பார்கள். மற்றது, மருந்து குறைந்து "பொத்" என்று மெல்லிய சத்தத்தோடு சன்னம் குழலுக்குள்ளேயே நின்றுவிடுவது. பட்டியலில் இதற்குக் "குழலடைப்பு" என்றிருக்கிறது. சேறு போனாலும் குளவி கூடு கட்டினாலும் அடைப்புத்தான், அதைத் துடைத்து எடுக்கலாம். இது ரவையின் குறையால் வருவது, அடுத்ததைச் சுட்டால் குழல் வீங்கும் அல்லது கிழியும். சன்னத்தங்கல் என்று தனியாகப் பதியுங்கள்.