ஊருணிப் பாசி: ஒரே ஓட்டுக்குள் எட்டு செல், டி.என்.ஏ. எப்போது நகலாகிறது?

பள்ளத்தூர்ப்பெண்:
தாவரவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் ஊருணித் தண்ணீர் ஒரு வாரமாகப் பச்சையாகக் கிடக்கிறது, ஒரு பாட்டிலில் பிடித்து வந்து, வீட்டில் இருக்கும் பழைய மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். சாயங்காலம் இரண்டு கசையிழையோடு (நீந்த உதவும் வால் மாதிரி இழை) ஓடிக்கொண்டிருந்த கிளாமிடோமோனாஸ் என்ற ஒரு செல் பச்சைப்பாசி, ராத்திரி பத்து மணிக்கு அசையாமல் கிடக்கிறது, சிலவற்றில் ஒரே ஓட்டுக்குள் நாலு, எட்டு என்று குட்டி செல்கள். டி.என்.ஏ. ஒரு தடவை நகலாகும், செல் இரண்டாகும் என்றுதானே பாடம்? அப்படியானால் இது மொத்தமாக எட்டு நகல் எடுத்துவிட்டு வெட்டுகிறதா? வகுப்பில் கேட்டால் பரீட்சைக்கு வராது என்கிறார்கள்.

பாசிபிடித்தவன்:
அது பாலிலா இனப்பெருக்கம், அந்தக் குட்டிகள் இயங்குவித்துகள் (நீந்தும் வித்துகள்). அவ்வளவுதான்.

கண்டனூரான்:
பேரைச் சொன்னால் கேள்விக்குப் பதில் ஆகிவிடாது தம்பி.

மொத்தமாக எடுப்பதில்லைம்மா. பகல் முழுக்க அது உட்கருவின் டி.என்.ஏ.வை நகல் எடுப்பதே இல்லை, வெளிச்சத்தில் சாப்பிட்டுப் பருக்கிறது, பத்து மடங்குக்கு மேல்கூடப் பருக்கும். இருட்டியதும் கசையிழையை உள்ளிழுத்துக்கொண்டு, ஒரு நகல், உட்கரு இரண்டாகும், உடலும் பிளக்கும், உடனே வளர நேரமே கொடுக்காமல் அடுத்த நகல், அடுத்த பிளவு. இரண்டு, நாலு, எட்டு. எத்தனை சுற்று என்பது தாய் செல் எவ்வளவு பருத்திருக்கிறது என்பதைப் பொறுத்தது, அதனால்தான் குட்டிகள் ஏறக்குறைய ஒரே அளவில் வருகின்றன. இந்தக் கணக்கைப் பார்த்துக்கொள்ளும் ஜீன்களில் ஒன்று மேட்3, அது கெட்டுப்போனால் செல் நிறுத்தத் தெரியாமல் பிரிந்து பிரிந்து பொடிப்பொடியாகிவிடும். நமக்கு விழித்திரைப் புற்றுநோயில் கெட்டுப்போகிற ஆர்.பி. ஜீனின் உறவுதான் அது!

நம்ம பக்கம் கல்யாணம் ஆனவர்களை ஒரே வீட்டுக்குள் வேறு வைப்பார்களே, அந்த மாதிரி. தாயின் சுவர் அப்படியே நிற்கும், உள்ளே ஆளாளுக்குத் தனி அடுப்பு. பிறகு குட்டிகள் ஒரு நொதியை விட்டு அந்தச் சுவரைக் கரைத்துக்கொண்டு வெளியே வரும். (நம் வீட்டுச் சுவர் அவ்வளவு லேசில் கரையாது, அது வேறு விஷயம்.)

பள்ளத்தூர்ப்பெண்:
அண்ணே, வேறு வைப்பது சொன்னதும் பிடிபட்டுவிட்டது! எல்லாப் பச்சைப்பாசியும் இப்படித்தானா?

கண்டனூரான்:
இல்லை. டெஸ்மோடெஸ்மஸ் என்ற இன்னொரு பச்சைப்பாசியில் உட்கரு முதலில் பிரிந்துகொண்டே போகும், உடல் பங்கு போடுவது கடைசியில்தான், நடுவில் பார்த்தால் ஒரு செல்லுக்குள் பல உட்கரு இருக்கும்.

லேப்அக்கா:
ஒன்று மட்டும் கவனி. ஊருணி வற்றும்போது இந்தப் பாசி கசையிழை இல்லாமல், வழுவழுப்புக்குள் கூட்டமாகக் கிடக்கும், அதைப் பாமெல்லா நிலை என்பார்கள். அதையும் எட்டு குட்டி என்று எண்ணிவிடாதே. பன்னிரண்டு மணி நேரம் வெளிச்சம், பன்னிரண்டு மணி நேரம் இருட்டு என்று சில நாள் வைத்தால் எல்லாம் ஒரே நேரத்தில் பிரியத் தொடங்கும், அப்புறம் இருட்டிய பிறகு மணிக்கு ஒரு சொட்டு எடுத்து அயோடின் போட்டு நிறுத்தி எண்ணு. உட்கரு தெரிய அசிட்டோகார்மின் சாயம் போதும், உங்கள் லேபிலேயே இருக்கும்.

பள்ளத்தூர்ப்பெண்:
சரி அக்கா. ராத்திரி முழுக்க முழித்திருக்க வீட்டில் ஆச்சியிடம் அனுமதி வாங்குவதுதான் பெரிய பாடு.