நீங்கள் ஸ்பேஸ் ஓப்பராவில் விழுந்த கதை

ஸ்பேஸ் ஓப்பரா, அதாவது விண்வெளிப் பேரரசுகளும் சண்டைகளும் நிறைந்த அறிவியல் புனைகதை, உங்களை எந்தப் புத்தகத்தில் பிடித்துக்கொண்டது என்று கேட்டிருந்தோம். வாசகர்கள் எழுதியவை இவை.

கும்பகோணத்திலிருந்து:
கல்லூரி விடுமுறையில் அசிமோவின் 'ஃபவுண்டேஷன்' படித்துவிட்டு, தாத்தாவுக்குக் கதை சொன்னேன். 12,000 வருடம் நின்ற பேரரசு விழப்போகிறது என்று ஒரு கணித நிபுணர் கணக்குப் போடுகிறார். அதற்கப்புறம் வரும் 30,000 வருட இருட்டை ஆயிரமாகச் சுருக்கத் திட்டம் தீட்டுகிறார். ஒளியைவிட வேகமாகக் கப்பல் எப்படிப் போகிறது என்று நான் விளக்க ஆரம்பித்ததும் தாத்தா, "அது கிடக்கட்டும்டா, ராஜா யாரு? அவனுக்கு யாரு குழி பறிக்கிறா?" என்றார். பொன்னியின் செல்வனை வாராவாரம் கத்தரித்துத் தைத்து வைத்திருந்தவர், வேறென்ன கேட்பார்!

ஸ்பேஸ் ஓப்பராவும் அதுதான். எஞ்சின் எதில் ஓடுகிறது என்பது மற்ற அறிவியல் புனைகதைக்காரர்களின் கவலை. இங்கே கப்பல் போய்ச் சேர்ந்தால் போதும். பட்டம், படை, துரோகம், கிரகம் விட்டுக் கிரகம் பரவும் சண்டை, இவைதான் சரக்கு. 1941-இல் அமெரிக்க எழுத்தாளர் வில்சன் டக்கர் இந்தப் பெயரை வைத்தது, அரைத்த மாவையே அரைக்கும் விண்கலக் கதைகளைத் திட்டுவதற்கு. மரியாதை ரொம்பப் பின்னால்தான் வந்தது.

திருத்துறைப்பூண்டியிலிருந்து:
எனக்கு 'டியூன்', 1965-இல் வந்த நாவல். நாங்கள் கடைமடை. மேட்டூரில் ஜூன் 12 திறந்தாலும் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் எட்டிப் பார்க்க நாளாகும். டியூனில் பாலைவனத் தலைவன் ஒருவன் பிரபுவின் மேஜையில் எச்சில் துப்புகிறான். எல்லோரும் கொதிக்கிறார்கள். உடம்பின் ஈரத்தைக் கொடுப்பது அவர்கள் மரியாதை என்று ஒருவன் விளக்கியதும்தான் அடங்குகிறார்கள். போதாக்குறைக்கு, வேர்வையைக்கூட வடிகட்டிக் குடிக்க ஓர் உடுப்பு! முறைவைத்துத் தண்ணீர் பாய்ச்சும் ஊர்க்காரனுக்கு அந்தப் பக்கத்தைத் தாண்ட மனசு வருமா?

மாயவரத்திலிருந்து:
அண்ணே, டியூன் முக்கால்வாசி ஒரே கிரகத்தில்தானே நடக்கிறது? அது எப்படி ஸ்பேஸ் ஓப்பரா?

திருத்துறைப்பூண்டியிலிருந்து:
தம்பி, கப்பலோட்டிகள் வழி கண்டுபிடிக்கத் தேவைப்படும் மசாலா அந்த ஒரு மணலில்தான் கிடைக்கிறது. அதை மறித்தால் பேரரசு முழுக்கப் போக்குவரத்து நின்றுவிடும். கதை எங்கே நடந்தால் என்ன, யார் தலை உருளும் என்று பாருங்கள்.

மாயவரத்திலிருந்து:
சரி, பாதி ஒத்துக்கொள்கிறேன். அப்புறம், இயன் எம். பேங்க்ஸின் 'கன்சிடர் ஃப்ளீபஸ்' (1987) யாரிடமாவது இருக்கிறதா? அவருடைய 'கல்ச்சர்' நாவல் தொடரின் மைய நாகரிகத்தை எதிர்த்துச் சண்டை போடுகிறவனையே முதல் நாவலில் நாயகனாக்கியிருக்கிறார். கும்பகோணம் வரை வந்து வாங்கிக்கொள்கிறேன்.