மின்னழுத்தக் கிளிச் கருவி: ஒன்றும் நடப்பதில்லை, அல்லது சிப் மீளத் தொடங்கிவிடுகிறது

கேள்வி (கிளிநொச்சி)

வணக்கம். தோட்டக் கிணற்று மோட்டர்களுக்கு நேரக்கட்டுப்பாட்டுப் பெட்டி செய்து விற்கிறேன். மின்னழுத்தத்தைக் கணநேரம் வீழ்த்தினால் அதிலுள்ள இரகசிய இலக்கச் சரிபார்ப்பு தவறிவிடுமா என்பதை நானே சோதிக்க விரும்புகிறேன். இத்தகைய சோதனைக்கென விற்கப்படும் சிப்விஸ்பரர் கருவியை வாங்க வசதியில்லாததால், ராஸ்பெரி பை பிக்கோ என்னும் சிறு நுண்கட்டுப்பாட்டுப் பலகையையும் 2என்7000 திரான்சிற்றரையும் கொண்டு ஒரு கருவி அமைத்துள்ளேன்.

சோதனைக்குரிய நுண்கட்டுப்பாட்டுச் சிப்பான ஏடிமெகா 328பி, பிறெட்போட்டில் 5 வோல்ற்றிலும் 16 மெகாஹேர்ட்ஸிலும், 10 ஓம் தடையி ஊடாக மின் பெற்று இயங்குகிறது. பிக்கோவில் நேரத்தைத் துல்லியமாகக் கையாளும் பிஐஓ பகுதி 8 நானோசெக்கன் படிகளில் துடிப்பை அளக்க, திரான்சிற்றர் சிப்புக்கு மின் ஊட்டும் 7 ஆம் காலை நிலத்தோடு குறுக்கிடுகிறது. நிரல் 200 தடவை 200 என்று எண்ணி 40000 ஐ அனுப்ப வேண்டும். 50 நானோசெக்கனிலிருந்து 1 மைக்ரோசெக்கன் வரை எண்ணிக்கை மாறுவதேயில்லை. 5 மைக்ரோசெக்கனைத் தாண்டினால் சிப் மீளத் தொடங்கிவிடுகிறது. மூன்று இரவுகளாக இதே நிலைதான். எங்கே பிழை விடுகிறேன்?

பதில் (வவுனியா)

தம்பி, 7 ஆம் காலருகே 100 நனோபரட்டுக் கொள்ளளவி இருக்கிறதா? இருந்தால், 5 வோல்ற்றில் அது 500 நனோகூலோம் ஏற்றத்தை வைத்திருக்கும். உங்கள் திரான்சிற்றர் 50 நானோசெக்கனுக்கு 0.2 அம்பியர் இழுத்தாலும் வெளியேறுவது 10 நனோகூலோம் மட்டுமே, ஆகவே மின்னழுத்தம் 0.1 வோல்ற்றுத்தான் இறங்கும், அதைச் சிப் உணரவே மாட்டாது. நீண்ட துடிப்பில் கொள்ளளவி வெறுமையாகிறது. ஆனால் 10 ஓமும் 100 நனோபரட்டும் சேர்ந்தால் நேர மாறிலி 1 மைக்ரோசெக்கன் என்பதால், மின்னழுத்தம் ஆறுதலாகவே மீளும். அதற்குள், மின்னழுத்தம் குறைந்தால் சிப்பை மீளத் தொடங்கவைக்கும் பிறவுண்-அவுட் காவல் விழித்துவிடும்.

2என்7000 இவ்வேலைக்கு உகந்ததன்று. அதன் வாயில் (கேற்) திறப்பு மின்னழுத்தம் 3 வோல்ற்று வரை இருக்கக்கூடும். பிக்கோ தருவதோ 3.3. ஐஆர்எல்எம்எல் 2502 போன்ற, குறைந்த வாயில் மின்னழுத்தத்தில் நன்றாகத் திறக்கும் மொஸ்பெட் திரான்சிற்றரைப் போடுங்கள், 2.5 வோல்ற்றிலேயே அதன் தடை 80 மில்லிஓமைத் தாண்டாது. பட்டாணி விதையிலும் சிறிய பொருள் என்பதால், குறுகிய கம்பித் துண்டுகளைப் பற்றாசு வைத்து இணைத்து, கால்களுக்கு மிக அண்மையில் வையுங்கள்.

பதில் (அறிவியல் நகர்)

மேலே சொல்லப்பட்டதோடு, அனலொக் பகுதிக்கு மின் ஊட்டும் 20 ஆம் காலையும் கவனியுங்கள். அது நேரே 5 வோல்ற்றில் இருந்தால், 7 ஆம் காலை வீழ்த்தும்போது மின் அவ்வழியாகவும் உட்புகும். இரண்டையும் தடையிக்குப் பின்னால் ஒன்றாக இணையுங்கள். எண்களை அனுப்பும் தொடர் இணைப்புக் கோட்டின் உயர்நிலையும் பாதுகாப்பு இருவாயி ஊடாகச் சிப்புக்கு ஊட்டும் என்பதால் அதில் 1 கிலோஓம் இடுங்கள். பிக்கோவின் கால்கள் 5 வோல்ற்றைத் தாங்கா. சிப்பிலிருந்து வரும் கோட்டை மின்னழுத்தப் பிரிப்பான் ஊடாகவே கொடுங்கள்.

மீளத் தொடங்கியதன் காரணத்தை ஊகிக்க வேண்டியதில்லை. அதைக் குறித்துவைக்கும் எம்சியூஎஸ்ஆர் பதிவகத்தின் 2 ஆம் பிட் எழுந்திருந்தால் அது பிறவுண்-அவுட். ஆனால் ஆப்டிபூட் என்னும் பூட்லோடர் (தொடக்கத்தில் ஓடி நிரலை ஏற்றும் சிறு நிரல்) அப்பதிவகத்தைத் துடைத்துவிடும் என்பதால், பூட்லோடரின்றி ஐஎஸ்பி (சிப்பில் நேரடியாக எழுதும் இணைப்பு) வழியாக நிரலை ஏற்றி, முதல் வரியிலேயே அதைப் படித்து அனுப்புங்கள்.

எண்ணும் மாறிகளை வொலற்றைல் என அறிவித்தீர்களா? இல்லையேல் கொம்பைலர் சுற்றுகளை முழுதாக நீக்கிவிட்டு 40000 ஐ மாறிலியாக எழுதியிருக்கும். அப்படியானால் இந்த மூன்று இரவுகளும் இல்லாத சுற்றைத் தாக்கியிருக்கிறீர்கள்.

கேள்வி கேட்டவர்

இரு ஐயாமாருக்கும் மனமார்ந்த நன்றி. வொலற்றைல் இருக்கவில்லை, கொள்ளளவி இருந்தது, 20 ஆம் கால் நேரே 5 வோல்ற்றில் இருந்தது. மூன்றையும் திருத்தி மொஸ்பெட்டையும் மாற்றியபின், ஒரு நண்பரின் அலைவுகாட்டியில் 7 ஆம் காலைப் பார்த்தேன். நீண்ட நிலக் கம்பியோடு அலை துள்ளித் தெரிந்தது. அதைக் கழற்றிச் ஆய்முனையின் சிறு நிலச் சுருளை நில இணைப்பான 8 ஆம் காலில் தொட்டதும், கூரிய பள்ளம் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. பழைய துடிப்புகளுக்குப் பிறவுண்-அவுட் பிட் எழுந்ததையும் உறுதிசெய்தேன்.

நேற்றிரவு 39987 என்று ஓர் எண் வந்தது. சிப் மீளத் தொடங்கவில்லை. அடுத்த சுற்றில் மீண்டும் 40000. இனி இதே அமைப்பில் இரகசிய இலக்கச் சரிபார்ப்பை வைத்துப் பார்க்கப் போகிறேன். அது தவறினால், ஒப்பீட்டை இருமுறை, இடையில் ஒழுங்கற்ற தாமதத்தோடு செய்யும்படி நிரலை மாற்றிய பின்னரே அடுத்த பெட்டி விற்பனைக்குப் போகும்.