பர்மிங்காம்: வீட்டில் பிபி 148 காட்டுகிறது, ராத்திரியில் யாரைக் கேட்பது?

தண்டையார்பேட்டைப் பெண்:
இங்கே வந்து மூன்று மாதம். வயிற்றில் முதல் குழந்தை. பிபி ஏறுகிறது என்று ஆஸ்பத்திரியில் மெஷின் கொடுத்து, தினமும் பார்த்து ஆப்பில் ஏற்றச் சொல்லியிருக்கிறார்கள். இப்போது 148/96. பயந்துபோய் மறுபடி பார்த்தேன், 142/92. மூன்றாவது தடவை 136/86. கடைசியை மட்டும் போடலாமா? வீட்டுக்காரர் நைட் ஷிஃப்ட். கொருக்குப்பேட்டையில் அம்மாவை எழுப்பினால் அழுவாள்.

காசிமேட்டுக்காரர்:
ஊரிலிருந்து கொண்டுவந்த கருவாடு, ஊறுகாயை ஒதுக்கி வைம்மா. நாங்கள் வந்தது ஜனவரியில். ஹீட்டர் பில்லுக்குப் பயந்து, ஏழு மாத வயிற்றோடு என் மனைவி இரண்டு ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு தூங்குவாள். பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது. அந்தக் கவலையிலேயே அவளுக்கு பிபி ஏறியது.

ராயபுரம் அக்கா:
தம்பி, கருவாட்டின் மேல் பழி போடாதீர்கள். உப்பைக் குறைத்துச் சாப்பிட்ட எனக்கும் ஏறியது. ஊரில் என்றால் ராத்திரியோ பகலோ, ஆட்டோ பிடித்து ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரி வாசலில் இறங்கிவிடுவோம். இங்கே போன் எடுத்துப் பேசவே எனக்கு ஒரு வருஷம் பிடித்தது. தங்கச்சி, எத்தனை வாரம் என்று சொல்லவே இல்லையே?

வியாசர்பாடி:
காலையில் ஜிபிக்கு, அதான் நம் ஏரியா டாக்டருக்கு, போன் போடுங்கள். கிடைத்தால் அதிர்ஷ்டம். விசாவோடு வருஷத்துக்கு 1,035 பவுண்டு ஹெல்த் சர்சார்ஜ் கட்டியும் எட்டு மணிக்கு வரிசையில்தான் நிற்கிறோம்.

காசிமேட்டுக்காரர்:
வாடகையைச் சொல்லுங்கள் முதலில். ஆறு மாத அட்வான்ஸ் கேட்டார்கள் என்னிடம்.

தண்டையார்பேட்டைப் பெண்:
31 வாரம் அக்கா. சாயந்திரத்திலிருந்து நெற்றியில் தலைவலி. பாராசிட்டமால் போட்டும் போகவில்லை.

திருவொற்றியூர் (இங்கே மிட்வைஃப், பிரசவம் பார்க்கும் நர்ஸ்):
வாடகை அப்புறம். தங்கச்சி, காலை வரை காத்திருக்காதே, இப்போதே போன் போடு. உன் மகப்பேறு ஃபைலிலோ ஆப்பிலோ மெட்டர்னிட்டி ட்ரையாஜ், அதாவது கர்ப்பிணிகளுக்கான அவசரப் பிரிவு, நம்பர் இருக்கும். 24 மணி நேரமும் எடுப்பார்கள். 140/90-ஐத் தாண்டி, கூடவே விடாத தலைவலி. இது இன்றைக்கே பார்க்க வேண்டியது. கண்ணில் பூச்சி பறப்பது, வலது விலாவுக்குக் கீழே வலி, முகம் திடீரென வீங்குவது, குழந்தை அசைவு குறைவது, இதில் ஒன்று இருந்தாலும் சொல். 160/110 வந்தால் வேறு எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டாலும் உடனே போக வேண்டும். வலிப்பு வந்தால் 999-க்குப் போட்டு ஆம்புலன்ஸ் கூப்பிடு.

மூன்று அளவையும் அப்படியே சொல். இறங்கும்வரை பார்த்துக் கடைசியை மட்டும் போட்டால், அங்கே பார்க்கிறவர்களுக்கு நீ நன்றாக இருப்பதாகத்தான் தெரியும். இங்கிலீஷ் தடுமாறினால் "டமில் இன்டர்ப்ரெட்டர் ப்ளீஸ்" என்று சொல், காசு கேட்க மாட்டார்கள்.

இனி பார்க்கும்போது ஸ்வெட்டர் கைமேல் பட்டையைச் சுற்றாதே, வெறும் கையில் சுற்று. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, கால் மேல் கால் போடாமல் ஐந்து நிமிஷம் உட்கார். கை நெஞ்சு உயரத்தில் மேஜை மேல் இருக்கட்டும். பேசாதே. ஒரு நிமிஷம் விட்டு இரண்டாவது தடவை பார்.

தண்டையார்பேட்டைப் பெண்:
ஸ்வெட்டர் மேல்தான் சுற்றினேன் அக்கா. போன் போட்டேன், எப்படியிருந்தாலும் வரச் சொன்னார்கள். டாக்சி வருகிறது.

தண்டையார்பேட்டைப் பெண்:
மணி நாலு. வெறும் கையில் பார்த்தும் 150/98. சிறுநீரில் புரோட்டீன் இருக்கிறதாம், சேர்த்துக்கொண்டார்கள். பிபி இறங்க லபெட்டலால் மாத்திரை கொடுத்தார்கள். குழந்தையின் துடிப்பு நன்றாக இருக்கிறது. வீட்டுக்காரர் வந்துவிட்டார்.

ராயபுரம் அக்கா:
அப்பாடா. மெட்டர்னிட்டி எக்ஸெம்ப்ஷன் சர்டிபிகேட் வாங்கியிருக்கிறாயா என்று பார். அது இருந்தால் மாத்திரைக்குக் காசு இல்லை. மிட்வைஃபிடம் கேள்.