ஜெர்ரி ரைஸை நேரில் பார்த்த நாட்கள்

1999இல் வேலைக்காகக் கலிஃபோர்னியாவின் சன்னிவேலுக்கு வந்தவன் நான். கிரிக்கெட்டைத் தவிர வேறு விளையாட்டு தெரியாது. 2000 டிசம்பர் 17 அன்று, அலுவலக நண்பர் ஒருவர் சான் ஃபிரான்சிஸ்கோவின் கேண்டில்ஸ்டிக் மைதானத்துக்கு அழைத்துப் போனார். ஃபார்ட்டி நைனர்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணிக்காக அதன் நட்சத்திரம் ஜெர்ரி ரைஸ் உள்ளூரில் ஆடும் கடைசி ஆட்டம் அது. அரங்கின் உச்சி வரிசையில் இடம். விரிகுடாவிலிருந்து அடித்த காற்றில் காபிக் கோப்பையைக் கீழே வைக்க முடியவில்லை. "விதிகளைப் பற்றிக் கவலைப்படாதே. 80ஆம் எண் சட்டையை மட்டும் பார்" என்றார் நண்பர்.

பார்த்தேன். ஆனால் பந்தெல்லாம் 81க்குத்தான் போயிற்று. எண்ணை மாற்றிச் சொல்லிவிட்டாரோ என்றுகூட நினைத்தேன். 81 அதே அணியின் டெரல் ஓவன்ஸ். அன்று அவர் பிடித்தவை 20 பந்துகள், அவற்றால் அணி முன்னேறிய தூரம் 283 யார்டு. ஐம்பது ஆண்டுகளாக நின்றிருந்த, ஒரே ஆட்டத்தில் 18 பந்துகள் என்ற சாதனை உடைந்தது. ஊரே ரைஸுக்கு விடைகொடுக்க வந்திருந்த நாளில் பூமாலை இன்னொருவர் கழுத்தில் விழுந்தது. சிகாகோ பேர்ஸை 17-0 என்று வென்றும் நண்பர் வீடு வரும்வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

எனக்கு வருத்தமில்லை. சொன்னபடி 80ஐ மட்டுமே பார்த்ததால், பந்தைப் பார்த்தவர்களுக்குக் கிடைக்காத ஒன்று எனக்குக் கிடைத்தது. 38 வயது மனிதர், பந்து தன் பக்கம் வராத ஓட்டத்தையும் பாதியில் விடவில்லை. வெட்டித் திரும்ப வேண்டிய இடத்தில் வெட்டித் திரும்பினார். பந்து வேறு திசையில் போனால், தன்னெதிரே நின்ற ஆளை மறித்துத் தள்ளினார். வைட் ரிசீவர் என்றால் பந்து பிடிக்கிறவர் என்று மட்டும் நினைத்திருந்தேன்.

* * *

மேலே எழுதிய தம்பி, நீங்கள் பார்த்தது முடிவு. நான் தொடக்கத்தைப் பார்த்தவன். வெட்கத்தோடு சொல்கிறேன்: 1985இல் அதே அரங்கில் அவரைக் கேலி செய்து கூச்சலிட்டவர்களில் நானும் ஒருவன். மிசிசிப்பியில் ஒரு சிறிய கல்லூரியிலிருந்து வந்த பையன். பயிற்சியாளர் பில் வால்ஷ் வேறு அணியோடு பேரம் பேசி, புதிய வீரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் ஏற்பாட்டின் முதல் சுற்றில் பதினாறாவது ஆளாக அவரை எடுத்திருந்தார். வந்தவரோ கைக்கு வந்த பந்துகளைத் தவறவிட்டுக்கொண்டே இருந்தார். அவருடைய அப்பா கொத்தனார் என்பதும், சாரத்தின் மேல் நின்று கீழிருந்து வீசப்படும் செங்கற்களைப் பிடித்துப் பழகிய கைகள் அவை என்பதும் எங்களுக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் "செங்கல்லை வீசுங்கள், பிடிப்பான்" என்று இன்னும் மோசமாகக் கத்தியிருப்போம்.

அந்த டிசம்பரில் ஒரு திங்கட்கிழமை இரவு, ராம்ஸ் அணிக்கு எதிராக 241 யார்டு எடுத்தார். ஆட்டம் என்னவோ தோல்விதான். ஆனால் அதன்பின் எங்கள் வரிசையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

பந்து வராதபோதும் அவர் உழைத்தார் என்று நீங்கள் சொன்னதற்கு இன்னொரு சாட்சி, 1989 ஜனவரியில் மயாமியில் சின்சினாட்டி அணிக்கு எதிராக நடந்த சூப்பர் பௌல் என்ற இறுதிப்போட்டி. தொலைக்காட்சியில்தான் பார்த்தேன். மூன்று நிமிடச் சொச்சம் மீதி, மூன்று புள்ளி பின்தங்கல், கடக்க வேண்டியது 92 யார்டு. வழியில் ஓர் அபராதத்தால் பின்னே தள்ளப்பட்டபோது, பந்தை வீசும் குவார்ட்டர்பேக் ஜோ மான்டானா ரைஸிடம் வீசி 27 யார்டை மீட்டார். கடைசி பத்து யார்டில் சின்சினாட்டியின் கண்ணெல்லாம் ரைஸ் மேல். பந்து போனது சக வீரர் ஜான் டெய்லரிடம். எதிரணியின் எல்லைக்குள் பந்தைச் சேர்க்கும் டச்டவுன், 34 விநாடி பாக்கி. ஆட்டநாயகன் விருது 11 பந்துகளில் 215 யார்டு எடுத்த ரைஸுக்கு. என் கணக்கில் அந்தப் பன்னிரண்டாவது, கைக்கு வராத பந்தும் அவருடையதே.

* * *

ரைஸ் ஆடிய காலம் முழுவதற்குமான 22,895 யார்டு, 208 டச்டவுன் என்ற கணக்குகளை மேலே எழுதிய பெரியவர்கள் இருவரும் விட்டுவிட்டீர்கள். நானும் விடுகிறேன். அவர் ஓடிப் பயிற்சி எடுத்த மலைப்பாதையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். சான் கார்லோஸ் அருகே எட்ஜ்வுட் பூங்கா. வசந்தத்தில் காட்டுப்பூ பார்க்க மக்கள் வருகிற இடம். ஆட்டப் பருவம் முடிந்து மற்றவர்கள் ஓய்வெடுத்த மாதங்களில் ரைஸ் அங்கே ஓடினார், கூடவே சக வீரர் ரோஜர் கிரெய்க். சுமார் நான்கு கிலோமீட்டர் ஏற்றம். 1997இல் முழங்கால் தசைநார் கிழிந்தும், அதே பருவத்தில் டிசம்பரில் அவர் திரும்பி வந்து டச்டவுன் எடுத்தார். அதே ஆட்டத்தில் முழங்கால் சில்லை உடைத்துக்கொண்டது தனிக்கதை. அவசரப்பட்டார் என்றே இன்றும் நினைக்கிறேன்.

போன மாதம் நானும் ஏறினேன். ஓடவில்லை, நடந்தேன். முதல் வளைவிலேயே மூச்சு வாங்கியது. மூன்று இடங்களில் நின்றேன். நான்காவது முறை ஓர் ஓக் மரத்தடியில் நின்றபோது, எழுபது வயதிருக்கும் ஓர் அம்மா கைத்தடியோடு என்னைக் கடந்து போனார்.