மார்க்கரில் ஓபேக்-2 சரி, மக்காச்சோள மணி மட்டும் சுண்ணாம்பு போல. ஏன்?

கதிர்ப்பட்டு: விவேக் கியூபிஎம்-9 (சத்துப் புரத மக்காச்சோள வீரிய ரகம்) உருவான வழியில், ஒரு மக்காச்சோள லைனுக்கு (தூய வழி ரகத்துக்கு) ஓபேக்-2 ஜீனை, அதாவது லைசின், டிரிப்டோபன் என்ற புரதச் சத்துகளைக் கூட்டும் ஜீனை, மாற்றும் வேலை. இரண்டு பேக்கிராஸும் (தாய் லைனோடு மீண்டும் கலப்பது) ஒரு செல்ஃபிங்கும் (செடியின் மகரந்தத்தை அதற்கே சேர்ப்பது) முடிந்து, யுஎம்சி1066 மார்க்கரில் (ஜீனைக் காட்டும் டிஎன்ஏ அடையாளம்) இரு பிரதியும் ஓபேக்-2 என்று வந்த செடிகளைத்தான் மறுபடி செல்ஃபிங் செய்தது. ஆனால் கதிரில் பெரும்பாலான மணி வெளுத்து, நகத்தால் கீறினாலே மாவு உதிர்கிறது. எங்கே தவறு?

மேட்டுக்காடு: தவறில்லை, வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. மார்க்கர் காட்டுவது அந்த ஒரு ஜீனை மட்டும். மணியைக் கெட்டியாக்கும் மாடிஃபையர் ஜீன்கள் பல. அவை தனித்தனியாகச் சிதறிக் கிடக்கின்றன. பின்னணி மார்க்கரில் (மற்ற ஜீன்களில் எவ்வளவு தாய் லைனுடையது என்று காட்டுவது) தாய் லைனை மிக அதிகமாக மீட்ட ஓரிரு செடிகளை மட்டும் வைத்துக்கொண்டால், டோனரின் (ஓபேக்-2 கொடுத்த லைனின்) மாடிஃபையர்கள் அங்கேயே கழிந்துவிடும். நாலைந்து குடும்பங்களையாவது கொண்டுபோங்கள். லைட் பாக்ஸில் (அடியிலிருந்து ஒளி வரும் பெட்டி) மணிகளைப் பரப்பி, கால் முதல் அரைப் பங்கு வரை ஒளி மறைக்கும் மணிகளை எடுத்து விதையுங்கள். முழுக்க வெளுத்ததை விடுங்கள்: வண்டும் பூஞ்சணமும் அதைத்தான் முதலில் பிடிக்கும், காயவும் நாளாகும்.

பூங்குலை: மேலே சொன்னதோடு ஒரு எச்சரிக்கை. வெளுத்த கதிரில் ஒன்றிரண்டு மணி மட்டும் கண்ணாடி போலத் தெரிந்தால் ஆசைப்பட்டு எடுக்காதீர்கள். பக்கத்து வயல் மகரந்தம் ஒன்று விழுந்தாலே அந்த மணி கெட்டியாகிவிடும். ஓபேக்-2 ஒடுங்கு ஜீன், இரு பிரதியும் இருந்தால்தான் வெளிப்படும். முளைத்ததும் இலையில் யுஎம்சி1066 மறுபடி பாருங்கள். அதே ஜீனுக்கான ஃபை112 மார்க்கர் வேண்டாம், அது கலப்புச் செடியையும் சாதாரணச் செடியையும் பிரித்துக் காட்டாது. யுஎம்சி1066 பட்டைகளின் இடைவெளி சிறிது, 4% அகரோஸ் ஜெல் (டிஎன்ஏ துண்டுகளைப் பிரித்துக் காட்டுவது) போட்டால்தான் பிரியும்.

கதிர்ப்பட்டு: நன்றி. கெட்டியான மணி கிடைத்தால் போதுமா?

மேட்டுக்காடு: போதாது. ஓபேக்-2 கூட்டும் லைசினின் அளவை மேலும் ஏற்றுவது வேறு சில ஜீன்கள். ஓபேக்-2 இருந்தும் சத்துக் குறைந்த குடும்பங்கள் வரும். ஒவ்வொரு தலைமுறையிலும் டிரிப்டோபன் அளந்துவிடுங்கள். லைசினும் கூடவே ஏறி இறங்கும், அளக்கச் செலவும் குறைவு. முளைக்கருவை நீக்கிவிட்டு அரையுங்கள், கருவின் புரதம் கணக்கைக் குழப்பும். எண்டோஸ்பெர்ம் (கரு நீக்கிய மணி) மாவில் டிரிப்டோபன் 0.07% தாண்ட வேண்டும்.

பூங்குலை: புரோவிட்டமின்-ஏக்கு (உடலில் வைட்டமின்-ஏ ஆக மாறும் சத்து) சிஆர்டிஆர்பி1 ஜீனையும் சேர்ப்பதாக இருந்தால் செல்ஃபிங்கில் இரண்டும் இரு பிரதியாக ஒருங்கே அமைவது 16-ல் 1. 72 செடியாவது பார்த்தால்தான் ஒன்றாவது கிடைக்க 99% வாய்ப்பு. மஞ்சள் நிறத்தை நம்பித் தேர்வு செய்யாதீர்கள், அதில் பெரும்பகுதி வைட்டமின்-ஏ ஆக மாறாத லூட்டினும் ஸீயாசாந்தினும்தான்.