மான் என்று சொன்னால் போதாது: கொம்பையும் குரலையும் வைத்துப் பிரித்தறிவது

சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் மேய்வதையெல்லாம் பிள்ளைகளுக்கு "மான்" என்றே காட்டிவிடுகிறோம். அங்கே இருப்பது இரண்டு வகை. புள்ளிமான் ஒன்று, வெளிமான் இன்னொன்று. முதலில் கொம்பைப் பார்க்கப் பழக்குங்கள். புள்ளிமானின் கொம்பு கிளை பிரியும், பக்கத்துக்கு மூன்று முனை. வெளிமானின் கொம்பில் கிளையே இருக்காது. திருகாணிபோல முறுக்கிக்கொண்டு மேலே போகும். சங்கப் பாடல்களில் வரும் இரலை இதுதான். வளர்ந்த ஆணின் முதுகு கருத்திருக்கும், வயிறும் கண்ணைச் சுற்றிய வளையமும் வெள்ளை.

---

மேலே சொன்னது சரி. ஆனால் கொம்பை மட்டும் நம்பினால் ஒரு இடத்தில் தப்பு நடக்கும். புள்ளிமானின் கொம்பு முழுக்க எலும்பு. உதிர்ந்து மறுபடி முளைக்கும். அதுவும் எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் உதிராது. ஒரே கூட்டத்தில் ஒன்று மொட்டைத் தலையோடு நிற்கும், இன்னொன்றின் கொம்பு மெத்தென்ற ரோமத்தோல் மூடி நுனி மழுங்கியிருக்கும், மூன்றாவது கூர்கொம்போடு மரத்தில் உரசிக்கொண்டிருக்கும். மொட்டைத் தலையைப் பார்த்ததும் பெண் என்று எழுதிவிடாதீர்கள்; நெற்றிக்கு மேலே இரண்டு குமிழ் தெரிகிறதா என்று பாருங்கள். வெளிமானுக்கு இந்தக் குழப்பமில்லை. எலும்பின் மேல் நகம்போன்ற உறை, உதிரவே உதிராது. ஆனால் இளம் ஆண் பழுப்பாகத்தான் இருக்கும், நிறத்தை வைத்துப் பெண் என்று முடிவு கட்டக் கூடாது.

---

முதுமலைப் பக்கம் போகிறவர்கள் காதையும் தீட்டிக்கொள்ளுங்கள். அடர்ந்த புதரில் கண்ணுக்கு முன்னால் காதுக்குத்தான் மான் அகப்படும். நாய் குரைப்பதுபோல விட்டுவிட்டுக் கேட்டால் கேளையாடு. பெயரில் ஆடு, இனத்தில் மான். கனத்த ஒற்றை ஒலி "டாங்க்" என்று அதிர்ந்தால் கடமான். புள்ளியில்லாத கரும்பழுப்பு, தோள் உயரமே நாலடிக்கு மேல், ஆணுக்குக் கழுத்தில் பிடரி மயிர். இரண்டுமே பயத்தில் எழுப்பும் குரல். அந்த நேரத்தில் மானைத் தேடாமல் அது பார்க்கும் திசையைப் பாருங்கள், சிறுத்தையோ செந்நாயோ அங்கே இருக்கலாம்.

---

சருகுமானை விட்டுவிட்டீர்களே! முயல் அளவுதான், சுமார் மூன்று கிலோ. விலாவில் வெள்ளைக் கோடும் புள்ளியும் இருப்பதால் புள்ளிமான் குட்டி என்றே பலரும் நினைக்கிறார்கள். குட்டிக்குக் கால் நீளம். சருகுமானுக்குக் குச்சிக்கால், முதுகு கூன். ஆண், பெண் இரண்டுக்குமே கொம்பு கிடையாது. நிஜமான மான்குட்டியே தனியாகச் சுருண்டு கிடந்தாலும் தூக்காதீர்கள். தாய் பக்கத்தில்தான் மேய்ந்துகொண்டிருக்கும், ஆள் நகர்ந்தால்தான் பால் கொடுக்க வரும்.